புலியா, போலியா?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்களிடையே 'ஆல்கர்' என்று ஒரு சொல் புழங்குகிறது. பாராட்டா, வசையா என்பது சொல்பவரின் முகத்தைப் பார்த்தால்தான் தெரியும். சன்பீம் ஆல்பைன் என்ற பிரிட்டிஷ் காரின் தலையையும், சன்பீம் டைகர் என்ற அதன் முரட்டுத் தம்பியின் வாலையும் ஒட்டிச் செய்த பெயர் அது.

இரண்டு கார்களுக்கும் உருவம் ஒன்றுதான். கதவும் இருக்கையும் விளக்கும் கிட்டத்தட்ட ஒன்றே. வித்தியாசம் பானெட்டுக்குக் கீழே. ஆல்பைனில் இருப்பது சாதுவான நான்கு சிலிண்டர் என்ஜின். டைகரில் இருப்பது அமெரிக்க ஃபோர்டின் 4.2 லிட்டர், எட்டு சிலிண்டர் வி8. யாராவது ஒரு பழைய ஆல்பைனை வாங்கி, அதே ஃபோர்டு என்ஜினை அதில் இறக்கினால் கிடைப்பது ஆல்கர். இதே வேலையை 1964ல் தொழிற்சாலை செய்தபோது கிடைத்தது டைகர்.

சந்தையில் இரண்டுக்கும் உள்ள தூரம் அதிகம். டைகருக்கு ஆல்பைனைவிட மடங்குக் கணக்கில் விலை. அதனால் ஆல்கரை டைகர் என்று விற்கும் ஆசையும் சிலருக்கு வருகிறது. இதைத் தடுக்க, அமெரிக்காவில் உள்ள டைகர் உரிமையாளர்களின் சங்கம் காரை நேரில் பரிசோதித்துச் சான்றிதழ் தருகிறது. எந்தெந்த அடையாளங்களை வைத்து முடிவு செய்கிறார்கள் என்பதை அவர்கள் முழுதாக வெளியே சொல்வதில்லை. சொன்னால் அந்த அடையாளங்களையும் யாராவது செய்துவிடுவார்களே!

இந்தச் சின்னச் சண்டைக்குள் ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. பழைய காருக்கு வேறு என்ஜின் வைத்தால் அது அதே காரா, வேறு காரா? அந்த மாற்றத்தை ஒரு நிறுவனம் செய்தால் வரலாறு, ஒரு தனி ஆள் செய்தால் மோசடி என்பது எந்த நியாயத்தில் சேர்த்தி?

டைகர் பிறந்த கதையைப் பார்த்தால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. 1960களின் தொடக்கத்தில் ஆல்பைன் கார் அமெரிக்காவில் அழகுக்காகப் பேர் வாங்கியது, வேகத்தில் பின்தங்கியது. அதைத் தயாரித்த ரூட்ஸ் குழுமத்தின் அமெரிக்க மேற்குக் கடற்கரைப் பொறுப்பாளர் இயான் காரட்டுக்கு இது உறுத்தியது. தன் சர்வீஸ் மேனேஜரை அனுப்பி, அமெரிக்க வி8 என்ஜின்களை அளந்து வரச் சொன்னார். அந்த மனிதர் எடுத்துப்போன கருவி ஒரு மர அளவுகோல். ஆல்பைனின் பானெட்டுக்குள் அடங்கக்கூடியது ஃபோர்டின் புதிய சிறிய வி8 என்று அது சொன்னது.

கரோல் ஷெல்பி என்ற பந்தய வீரரிடம் 10,000 டாலர் செலவில் ஒரு மாதிரி கார் செய்யும் வேலை ஒப்படைக்கப்பட்டது. அதுவரை காத்திருக்கப் பொறுமையில்லாத காரட், கென் மைல்ஸ் என்ற இன்னொரு பந்தய வீரரிடம் 800 டாலர் கொடுத்துத் தனியாக ஒரு காரைச் செய்யச் சொன்னார். 2019ல் வந்த ஃபோர்டு, ஃபெராரி மோதல் பற்றிய ஹாலிவுட் படத்தில் கிறிஸ்டியன் பேல் நடித்தது இந்த மைல்ஸாகத்தான். ஆக, முதல் டைகர்களே பட்டறையில் நடந்த என்ஜின் மாற்றங்கள். ஷெல்பி செய்த மாதிரி கார் 1963ல் இங்கிலாந்து போனது. ரூட்ஸ் பிரபு ஓட்டிப் பார்த்தார். உற்பத்திக்கு ஒப்புதல் தந்தார். 1964 ஏப்ரலில் நியூயார்க் கண்காட்சியில் டைகர் அறிமுகமானது.

தொழிற்சாலையில் நடந்ததும் ஒன்றும் நுணுக்கமான வேலை இல்லை. வெஸ்ட் பிராம்விச்சில் உள்ள ஜென்சன் ஆலையில் டைகர்கள் உருவாயின. என்ஜின் உள்ளே நுழைய இடம் போதவில்லை. வர்ணம் பூசி வந்த காரின் தடுப்புச் சுவரைத் தொழிலாளர்கள் சம்மட்டியால் அடித்து நெளித்தார்கள். பின்வரிசையில் உள்ள ஒரு ஸ்பார்க் பிளக்குக்குக் கை எட்டாது என்பதால் தடுப்புச் சுவரில் ஓட்டை போட்டு ரப்பர் மூடி வைத்தார்கள். காருக்குள் உட்கார்ந்துதான் அந்த பிளக்கைக் கழற்ற வேண்டும்.

முடிவும் வேடிக்கைதான். 1967ல் ரூட்ஸ் குழுமம் கிரைஸ்லரின் பிடிக்குள் வந்தது. போட்டி நிறுவனமான ஃபோர்டின் என்ஜினை வைத்து கார் விற்பது கிரைஸ்லருக்குக் கௌரவக் குறைச்சல். தன் சொந்த வி8ஐ வைக்கலாமென்றால், அதில் டிஸ்ட்ரிபியூட்டர் பின்பக்கம் இருந்தது, உள்ளே போகவில்லை. கையிருப்பில் இருந்த ஃபோர்டு என்ஜின்கள் தீரும்வரை, காரின் பக்கவாட்டில் ஃபோர்டு பெயர் போட்ட சின்னத்தை எடுத்துவிட்டு சன்பீம் வி8 என்ற சின்னத்தை ஒட்டி விற்றார்கள். பிறகு டைகர் நின்றது. மொத்தம் சுமார் 7,000 கார்கள்.

ஆக, போலி என்று இன்று பரிசோதிக்கப்படுகிற காருக்கும், அசல் என்று சான்றிதழ் பெறுகிற காருக்கும் இடையில் இருப்பது யாருடைய சம்மட்டி என்ற வித்தியாசம்.

இதைவிடப் பெரிய உதாரணமும் இருக்கிறது. அதற்கும் ஷெல்பிதான் நாயகன். டெக்சாஸ்காரர். கோழிப் பண்ணை வைத்து நஷ்டப்பட்டவர். 1959ல் ஆஸ்டன் மார்ட்டின் ஓட்டி லமான் 24 மணி நேரப் பந்தயத்தை ராய் சால்வடோரியுடன் சேர்ந்து வென்றவர். இதயக் கோளாறு காரணமாக 1960ல் பந்தயத்தை விட்டார். அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் ஏசி நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். ஏசியின் 'ஏஸ்' கார் இலகுவானது, அழகானது. ஆனால் அதற்கு பிரிஸ்டல் நிறுவனம் கொடுத்துவந்த 2 லிட்டர் என்ஜினின் உற்பத்தி நின்றுபோயிருந்தது. 'உங்கள் காரில் அமெரிக்க வி8 வைக்கலாமா?' என்பதுதான் கடிதத்தின் சாரம். டைகருக்கு அளந்த அதே ஃபோர்டு என்ஜின் வகை இங்கேதான் முதலில் கைகொடுத்தது. மெல்லிய சுவர்களோடு வார்க்கப்பட்டதால் வார்ப்பிரும்பாக இருந்தும் அது எடை குறைந்த என்ஜின்.

1962 பிப்ரவரியில் என்ஜின் இல்லாத ஒரு கார் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வந்து இறங்கியது. சில மணி நேரத்தில் ஃபோர்டு என்ஜின் உள்ளே போனது. கோப்ரா பிறந்தது. சிஎஸ்எக்ஸ்2000 என்ற எண் கொண்ட அந்த முதல் கார் 2016 ஆகஸ்டில் 1.375 கோடி டாலருக்கு ஏலம் போனது. அதுவரை ஏலத்தில் விற்ற அமெரிக்கக் கார்களில் அதுதான் அதிக விலை. சேசிஸும் உடலும் இங்கிலாந்தில் செய்தவை. ஆனாலும் அமெரிக்கக் கார்! அதில் பிரிஸ்டல் என்ஜின் இல்லையே என்று ஒருவரும் அங்கலாய்க்கவில்லை.

கோப்ரா இன்னொரு பாடத்தையும் கற்றுத்தந்தது. ஒரு காருக்குள் வேறு என்ஜின் வைப்பது சட்டைக்குப் பித்தான் தைக்கிற காரியமில்லை. முதல் பிரச்சினை இடம்: ஸ்டியரிங் தண்டின் மேல் புகைக்குழாய் இடிக்கும், அடியில் எண்ணெய்த் தொட்டி குறுக்குச் சட்டத்தில் இடிக்கும். அடுத்தது எடை: மூக்கில் பாரம் கூடினால் வளைவில் கார் சொன்ன பேச்சு கேட்காது. பிறகு சக்தி: புது என்ஜினின் முறுக்குவிசையை கிளட்ச், கியர் பாக்ஸ், புரொப்பெல்லர் ஷாஃப்ட், பின் ஆக்சில் எல்லாம் தாங்க வேண்டும், சங்கிலியில் பலவீனமான கண்ணி எதுவோ அது முதலில் அறும். அப்புறம் சூடு: பழைய ரேடியேட்டர் போதாது. டைகர் கார்களே வெயில் காலத்தில் கொதிப்பதற்குப் பேர்போனவை. கடைசியாக பிரேக். ஓடவைப்பது பாதி வேலை. நிறுத்துவதும் சேர்ந்தால்தான் முழு வேலை.

ஏசி நிறுவனம் இதை உணர்ந்திருந்தது. கோப்ராவுக்காகப் பின் ஆக்சிலை வலுவாக்கியது. பிரேக்குகளின் இடத்தை மாற்றியது. பின்னர் ஸ்டியரிங்கையும் மாற்றியது. ஆசை அதோடு நிற்கவில்லை. 7 லிட்டர் என்ஜினை வைக்கலாம் என்ற யோசனை வந்தபோது பழைய சேசிஸ் கைவிரித்தது. 1965ல் வந்த 7 லிட்டர் கோப்ராவுக்குப் பட்டை ஸ்பிரிங்குகளை எடுத்துவிட்டு, சுருள் ஸ்பிரிங்குகளும் தடித்த குழாய்களும் கொண்ட வேறு சேசிஸ் செய்ய வேண்டியிருந்தது. நல்ல என்ஜின் மாற்றத்துக்கும் வெறும் பேராசைக்கும் நடுவில் எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்பதை இது காட்டியது.

பிரிட்டனில் இந்தக் கலையைச் சாதாரண மனிதனின் கைக்குக் கொண்டுவந்தது ஒரு அநாதை என்ஜின். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 1961ல் பியூக் கார்களுக்காக ஒரு அலுமினிய வி8 செய்தது. செலவு அதிகம், வார்ப்பதில் தொல்லை என்று 1963ஆம் ஆண்டு மாடலோடு கைவிட்டது. பிரிட்டனின் ரோவர் நிறுவனம் அதன் உரிமையை வாங்கி, 1967ல் தன் கார்களில் வைத்தது. 3.5 லிட்டர், எட்டு சிலிண்டர். ஆனால் எடை கிட்டத்தட்ட ஒரு வார்ப்பிரும்பு நான்கு சிலிண்டர் என்ஜின் அளவுதான். மாற்றுவதற்கு இதைவிடத் தோதான என்ஜின் வேறென்ன வேண்டும்?

கென் காஸ்டெல்லோ என்ற பந்தய வீரருக்கு அது உடனே உறைத்தது. பிரிட்டனின் பிரபல ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபியின் 1.8 லிட்டர் என்ஜினைத் தூக்கிவிட்டு, ரோவர் வி8ஐ இறக்கி விற்க ஆரம்பித்தார். பானெட் மூடவில்லை, அதில் ஒரு புடைப்பு வைத்தார். எம்ஜியின் தாய் நிறுவனமான பிரிட்டிஷ் லேலண்ட் இதைப் பார்த்தது. 1973ல் தானே எம்ஜிபி ஜிடி வி8 என்ற காரைக் கொண்டுவந்தது. கார்புரேட்டர்களைப் பின்னுக்குத் தள்ளியதால் புடைப்பு தேவைப்படவில்லை. ஆனால் அதே ஆண்டில் எண்ணெய் நெருக்கடி வந்தது. 1976ல் காரை நிறுத்தியபோது செய்திருந்தது 2,591 மட்டுமே. தனி மனிதனின் பட்டறை முந்திக்கொண்டது, பெரிய நிறுவனம் பின்தொடர்ந்தது. இன்று இரண்டு வகை கார்களையும் ரசிகர்கள் தேடுகிறார்கள்.

காலம் மாறினால் மதிப்பும் மாறும் என்பதற்கு டிரையம்ஃப் ஸ்டாக் சாட்சி. 1970ல் வந்த இந்த காரில் டிரையம்ஃபின் சொந்த 3 லிட்டர் வி8 இருந்தது. கொதித்துப்போவதில் அதற்கு இணை இல்லை. வெறுத்துப்போன பல உரிமையாளர்கள் அதைத் தூக்கிவிட்டு ரோவர் வி8ஐயோ ஃபோர்டு வி6ஐயோ வைத்துக்கொண்டார்கள். அன்று அது புத்திசாலித்தனம். பிறகு, அந்த என்ஜினின் நோய்க்கு வைத்தியம் தெரிந்த நிபுணர்கள் வந்தார்கள். அசல் என்ஜின் ஒழுங்காக ஓடத் தொடங்கியது. இன்று அசல் என்ஜினோடு இருக்கும் ஸ்டாக்கைத்தான் வாங்குபவர்கள் முதலில் கேட்கிறார்கள். தூக்கிப்போட்ட என்ஜினைத் தேடி அலைவது யார் தலையெழுத்து?

ஃபெராரிகளிலும் இந்தக் கதை உண்டு. 1950களின் இறுதியில் அமெரிக்காவில் ஒரு பழைய ஃபெராரி பந்தயக் கார் வெறும் பழைய கார்தான். என்ஜின் உடைந்தால் இத்தாலியிலிருந்து வேறு வரவழைக்கும் செலவுக்கு உள்ளூர் செவ்ரலே வி8 எவ்வளவோ மலிவு. பலர் அதைப் பொருத்தி மறுவாரமே பந்தயத்துக்குப் போனார்கள். இப்போது என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஒத்துப்போக வேண்டும் என்பது சேகரிப்பாளர்களின் வேதம். செவ்ரலே வைத்தவர்களைப் பாவிகளாகப் பேசுகிறார்கள். ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஓடாத பந்தயக் காருக்கு அன்று இருந்த மறுவழி காயலான் கடை. சில ஃபெராரிகள் இன்று அருங்காட்சியகத்தில் நிற்பதற்கு அந்த மலிவு செவ்ரலேவும் ஒரு காரணம்.

இன்று அந்த இடத்தில் இருப்பது ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் வகை என்ஜின். 1997ல் கார்வெட் காருக்காக வந்த அலுமினிய வி8. அகலமும் உயரமும் குறைவு, சக்தி அதிகம், விபத்தில் நொறுங்கிய கார்களிலிருந்து மலிவாகக் கிடைக்கும். ஜப்பானிய மாஸ்டா, ஜெர்மன் போர்ஷ் என்று பேதம் பார்க்காமல் எல்லாவற்றிலும் அதை ஏற்றிவிட்டார்கள். அதற்கென்றே தாங்கிகளும் ஒயரிங்கும் கடையில் விற்கிறார்கள். கூடுதல் தலைவலி கம்ப்யூட்டர்: என்ஜினோடு அதன் மூளையையும் பிடுங்கி வந்து, பழைய காரின் மீட்டர்களோடு பேசவைக்க வேண்டும்.

அடுத்த கட்டமும் வந்துவிட்டது. 2018 மே மாதம் பிரிட்டிஷ் இளவரசர் ஹாரி தன் திருமண விருந்துக்கு மனைவியை அழைத்துப்போன ஜாகுவார் இ-டைப் காரில் பெட்ரோல் என்ஜின் கிடையாது, மின்மோட்டார். மாற்றியது ஜாகுவார் நிறுவனமேதான். அதே ஆண்டின் இறுதியில் ஆஸ்டன் மார்ட்டின் தன் பழைய டிபி6 காருக்கு ஒரு மின்பெட்டியைக் காட்டியது. பழைய என்ஜினைத் தாங்கிய இடத்திலேயே அது உட்காரும். வேண்டாமென்றால் கழற்றிவிட்டுப் பழைய என்ஜினை மறுபடி மாட்டலாம். பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிவா 2019ல் தன் கட்சியைச் சொன்னது: என்ஜினை எடுத்து மின்மோட்டார் வைத்தால் அதை வரலாற்று வாகனம் என்று ஏற்க முடியாது, அப்படியும் செய்வதென்றால் திரும்ப மாற்றக்கூடியதாக இருக்கட்டும், கழற்றியதைப் பத்திரமாக வையுங்கள்.

சட்டங்கள் ஒரே குரலில் பேசுவதில்லை. பிரிட்டனில் பெருமளவு மாற்றிய காரின் பழைய பதிவெண் நீடிக்க வேண்டுமானால் 8 புள்ளி தேவை என்ற கணக்கு பல ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது. அசல் சேசிஸுக்கு 5 புள்ளி. என்ஜினுக்கு ஒன்றே ஒன்று! கலிபோர்னியாவுக்குப் புகைதான் கவலை: வைக்கிற என்ஜின் காரின் மாடல் ஆண்டைவிடப் பழையதாக இருக்கக் கூடாது, அதனுடைய புகைக் கட்டுப்பாட்டுச் சாதனங்கள் எல்லாம் கூடவே வர வேண்டும். இந்தியா கண்டிப்பானது. தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு முரணாக வாகனத்தை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. 2021ல் வந்த விதிகளின்படி, 50 வயது தாண்டியது மட்டும் ஒரு வண்டியை விண்டேஜ் ஆக்கிவிடாது; சேசிஸ், உடல், என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவில் இருக்கவும் வேண்டும். முதல் கோப்ரா இங்கே விண்ணப்பித்திருந்தால் அதிகாரி என்ன எழுதியிருப்பாரோ!

பிரிட்டிஷ் கணக்குப்படி என்ஜின் எட்டில் ஒரு பங்கு. சேகரிப்பாளரின் கணக்கில் அதுவே பாதி விலை. இரண்டில் எதுவும் முழு உண்மை அல்ல. காருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பதைவிட, அங்கே அது எப்படி வந்தது என்பதுதான் முக்கியம். இரண்டு கேள்விகள் போதும். முதலாவது மெக்கானிக்குக்கு: என்ஜினுக்கு ஏற்றபடி பிரேக்கும் ஆக்சிலும் ரேடியேட்டரும் மாறியிருக்கின்றனவா? இரண்டாவது விற்பவருக்கு: செய்ததை ஒளிக்காமல் சொல்கிறாரா?

முதல் கேள்விக்கு விடை சரியில்லை என்றால், அந்த கார் தொழிற்சாலையிலிருந்தே வந்திருந்தாலும் ஆபத்து. இரண்டாவது கேள்விக்கு விடை சரியில்லை என்றால்தான் அது போலி. ஆல்கர் என்று சொல்லி விற்கிற ஆல்கரில் ஒரு குற்றமும் கிடையாது. அதை ஓட்டுகிறவருக்கு டைகர் தந்த அதே உறுமல் கிடைக்கிறது. விலையில் மிச்சமும் பிடிக்கிறது. இனி மாற்றப்போகிறவர்களுக்கு ஸ்டாக் உரிமையாளர்களின் அனுபவம் ஒரு யோசனை சொல்கிறது. கழற்றிய என்ஜினை எடைக்குப் போடாதீர்கள். எண்ணெய் தடவி, சாக்கு போர்த்தி, ஷெட்டின் மூலையில் வையுங்கள். 30 ஆண்டு கழித்து அந்த காரை வாங்குபவர் முதலில் அதைத்தான் கேட்பார்.

ஷெல்பிக்கு இந்த விவாதத்தில் தனி உரிமை உண்டு. பந்தயத்தை விட்டு அவரை விலக வைத்த இதயத்தை 1990ல் டாக்டர்கள் எடுத்துவிட்டு, வேறொருவரின் இதயத்தைப் பொருத்தினார்கள். அதன்பின் 22 ஆண்டுகள் அவர் வாழ்ந்தார், கார் செய்தார், கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தக் கையெழுத்து அசலா என்று எந்தச் சேகரிப்பாளரும் சந்தேகப்பட்டதில்லை.